வெளிச்சக் கைகளின் பந்தி

பாலக்கோடு பேருந்து நிலையத்தில் இறங்கி, வீடியோ காசிம் பாய் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். காட்டிவிட்டு, “தம்பி பேச்ச மட்டும் எடுத்துராதீங்க” என்று ஒரு வார்த்தையும் கூடவே வரும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. காசிமுக்கும் அவர் தம்பி இத்ரீஸுக்கும் இடையிலான பஞ்சாயத்து தக்காளி மண்டியில் கூடை சுமக்கிற ஆள் வரைக்கும் தெரிந்த விஷயம்.

காசிமுக்கு ஐம்பத்தாறு வயது. மீசை முளைக்கிற காலத்தில் டெக்கையும் கலர் டிவியையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்ப் படம் ஓட்டியவர். பிறகு வீடியோ கேமரா வாங்கினார். அது ஓய்ந்தபோது ப்ரொஜெக்டரும் பெரிய திரையும் வந்தன. இப்போது கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து எல்ஈடி திரையும் வைத்திருக்கிறார். காலம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிற சாமர்த்தியம் அவருக்கு உண்டு. தொழிலில்தான். கோபத்தில் அந்தச் சாமர்த்தியமெல்லாம் செல்லாது.

அவர் எடுத்த கல்யாண வீடியோக்களில் ஒரு விசேஷம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெண்ணின் மாமன் முறைத்துக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மேலேயிருந்து ஒரு ரோஜாப்பூ வந்து விழும். சம்பந்திகள் வாய்த்தகராறு செய்தால் இரண்டு புறாக்கள் பறக்கும். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் நாற்காலியெல்லாம் பறந்தது. வீடியோவில் பார்த்தால் நாதஸ்வரமும் பூவும் புறாவும்தான். “குடும்பம்னா சேந்து சிரிக்கற மாதிரி தெரியணும். அதுக்குத்தான என்னைக் கூப்பிடறாங்க?” என்பார்.

கூப்பிடுவது என்பது அவருக்குப் பெரிய விஷயம். அதில்தான் வந்தது வினை.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் இத்ரீஸின் மூத்த மகளுக்கு தர்மபுரியில் கல்யாணம். பெண்ணுக்குப் பெரியப்பா இருக்கும்போது வேறு ஆளையா வீடியோவுக்கு வைப்பார்கள்? காசிம் தன்னுடைய ப்ரொஜெக்டர், தன்னுடைய திரை, தன்னுடைய கேமராவோடு விடிந்ததிலிருந்து மண்டபத்தில் நின்றார். பந்தி ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார், ஜமாத் பெரியவர்கள், தூரத்துச் சொந்தம் என்று ஒவ்வொருவரையும் இத்ரீஸ் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தான். காசிம் திரைக்குப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வருத்தமில்லை. வீட்டு ஆட்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள், அதுதான் முறை. கடைசிப் பந்திக்குத் தம்பி வந்து தன் கையைப் பிடிப்பான் என்று வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு நின்றார்.

இத்ரீஸ் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தான்.

“லைட்டுக்காரங்க, மைக் செட்டுக்காரங்க, வீடியோக்காரங்க எல்லாம் வந்து சாப்ட்ருங்கப்பா! அண்டா கழுவப் போறாங்க!”

அது காசிமின் காதில் விழவில்லை, குத்தியது. வயரைச் சுருட்டினார். திரையை மடித்தார். பெண்ணின் தலையில் கை வைத்து துஆ செய்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியேறி பாலக்கோட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த வீட்டில் கொஞ்சிக்கொள்வது உருதுவில். சண்டைக்கு மட்டும் தமிழ். மறுநாள் போனில் தமிழ் பறந்தது.

“கூப்ட்டேனே பாய்ஜான்! மண்டபமே கேட்டுச்சே!”

“வீடியோக்காரனக் கூப்ட்ட. அண்ணன யாருடா கூப்ட்டா?”

“சொந்த அண்ணனுக்கு வெத்தல பாக்கு வெச்சா கூப்புடுவாங்க? உன் வூட்டுக் கல்யாணம். நீயா வந்து ஒக்கார வேணாமா?”

இவர் சொல்வதும் நியாயம், அவன் சொல்வதும் நியாயம். ஒரு பக்கம் அநியாயம் இருந்தாலாவது யாராவது மன்னிப்புக் கேட்டுத் தொலைப்பார்கள். இரண்டு பக்கமும் நியாயமாகப் போய்விட்டால் அந்தச் சண்டை லேசில் தீராது.

அன்றிலிருந்து ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்கவில்லை. பெருநாளைக்கு வருவார்கள், கட்டித் தழுவிக்கொள்வார்கள், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள். காசிமின் மகன் சோஹைல் கல்யாணத்துக்கு இத்ரீஸ் வந்தான். பந்தி போடுகிற நேரம் பார்த்து நழுவினான். காசிம் அவன் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். பிடித்து, அவன் உதறிவிட்டால்? கல்யாண மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அந்த அசிங்கம் வேறு வேண்டுமா?

காசிமின் மனைவி அஸ்கரி பேகத்துக்கு நாக்கு கொஞ்சம் கூர்மை. “உங்க ரோசத்துக்கு கவர்மெண்டுல பென்ஷன் ஏதாச்சும் தர்றாங்களா?” என்று வாரம் ஒருமுறை கேட்பார். அவரும் இத்ரீஸின் மனைவியும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். பக்குவம் கேட்கிறார்கள், மருமகளைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறார்கள். ஆண்களின் போரில் பெண்கள் சேரவில்லை.

காசிமுக்கு வேண்டியது ரொம்பச் சின்னது. தம்பி தன் முகத்தைப் பார்த்து, “பாய்ஜான், சாப்புட வா” என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். இந்த மூன்று வார்த்தைக்காக மனிதர் இத்தனை வருடம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சொல்லமாட்டார். செத்தாலும் சொல்லமாட்டார்.

இந்த நிலைமையில்தான் போன ஆடி மாதம் இத்ரீஸின் இளைய மகள் அன்ஜும் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். அங்கே ஏதோ கலைக் கல்லூரியில் கடைசி வருடம். தோளில் ஒரு பை, பை நிறைய வயர். நேராகப் பெரியப்பா வீட்டுக்குத்தான் வந்தாள்.

“படே அப்பா, எனக்கு ஒங்க ப்ரொஜெக்டர் வேணும். ஒங்க கையும் வேணும்.”

“கையா?”

“ஆமா. வூட்டுல சாப்புடற கைய மட்டும் மேல இருந்து படம் புடிப்பேன். மொகம் வராது. அப்பறம் ஒரு ஹால்ல தரையில வெள்ளையா தஸ்தர்கான் விரிச்சு, அது மேல எல்லார் கையும் ப்ரொஜெக்டர்ல விடுவேன். குடும்பமே சுத்தி ஒக்காந்து சாப்புடற மாதிரி தெரியும். ஒரு எடம் மட்டும் காலி. பாக்க வர்றவங்க அங்க ஒக்காந்துக்கலாம். அவங்க கைய நீட்டுனா மேல இருக்கற கேமரா பாத்துக்கும். இந்தக் கைங்க பதில் சொல்லும்.”

“கை என்னம்மா பதில் சொல்லும்?”

“கொடுக்கறவங்க கொடுப்பாங்க. இழுத்துக்கறவங்க இழுத்துப்பாங்க. ஒரு வூட்டுல யாரு எப்படின்னு சாப்புடற கையிலயே தெரிஞ்சுரும் படே அப்பா.”

தஸ்தர்கான் என்பது சாப்பிட உட்காரும்போது தரையில் விரிக்கிற துணி. அதன்மேல் வெளிச்சத்தால் சோறு போடுகிறார்களாம், வெளிச்சக் கைகள் அள்ளித் தின்கின்றனவாம், இதற்கு மார்க்கும் உண்டாம். காசிமுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ப்ரொஜெக்டர் பீரோவுக்கு மேலே சும்மாதான் கிடந்தது. மண்டபங்களும் ஈயாடிக் கிடந்தன. தெரிந்த மண்டபக்காரரிடம் பேசிச் சாப்பாட்டுக் கூடத்தை வாங்கிக் கொடுத்தார். இதெல்லாம் பேசி முடிந்த பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

“ஒங்கப்பன் கையும் இருக்குதா அதுல?”

“மொதல்ல அப்பாவத்தான் எடுத்தேன்.”

“மொகம் வராதுன்னு சொன்ன இல்ல?”

“வராது.”

“சரி, எடு.”

கேமராவுக்குப் பின்னாலேயே வாழ்ந்த மனிதர் முதல்முறையாக அதற்குக் கீழே உட்கார்ந்தார். அஸ்கரி பேகம், கை மட்டும்தானே என்று இல்லாமல், பீரோவிலிருந்து கண்ணாடி வளையல் எடுத்துப் போட்டுக்கொண்டார். ரொட்டி, கத்திரிக்காய் பகாரா, கொஞ்சம் கறி. காசிமின் நீலக்கல் மோதிரம் தட்டில் டக் டக்கென்று இடித்தது.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது அன்ஜும் கேட்டாள். “இப்ப ஒங்க பக்கத்துல ஒருத்தர் வந்து ஒக்கார்றாங்கன்னு வெச்சுக்கங்க. கைய நீட்டறாங்க. நீங்க என்ன செய்வீங்க? சொல்ல வேணாம், செஞ்சு காட்டுங்க.”

அஸ்கரி பேகம் தன் ரொட்டியைப் பிய்த்து, வராத ஆளை நோக்கி நீட்டினார்.

காசிம் கேட்டார். “அவங்கள யாரு கூப்ட்டது?”

“யாரும் கூப்பிடல. அவங்களா வந்துட்டாங்க.”

காசிம் குனிந்த தலை நிமிராமல் தன் பாட்டுக்குச் சாப்பிட்டார். இடது கையைத் தட்டுக்கு முன்னால் வேலி மாதிரி வேறு வைத்துக்கொண்டார். அன்ஜும் அதையும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

கூடத்தில் ப்ரொஜெக்டர் மாட்டியது காசிம்தான். குப்புறத் தொங்கவிட்டால் சூடாகிச் செத்துவிடும் என்று, படுக்கையாக வைத்து, எதிரே சாய்வாக ஒரு கண்ணாடியைக் கட்டி, வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினார். நல்ல யோசனைதான். விளக்கை அணைத்துப் படத்தை விட்டதும் மண்டபத்து வாட்ச்மேன் முனிராஜ் அலறினார்.

“பாய்! என்னா பாய் இது, குடும்பமே பீச்சாங்கையில திங்குது!”

கண்ணாடியில் பட்டு வந்த படம் இடம் வலமாக மாறியிருந்தது. காசிம், அஸ்கரி பேகம், சோஹைல், இத்ரீஸ், அவன் மனைவி எல்லோரும் இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தார்கள். இத்தனை வருட சர்வீஸில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறார், மானம் போகிற மாதிரி இப்படி ஒன்று நடந்ததில்லை. “அல்லாவே, யாரும் பாக்கலையே?” என்று கதவைச் சாத்திவிட்டு, செட்டிங்கில் படத்தைத் திருப்பிப் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அன்ஜும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்ரீஸுக்கும் இப்படித்தான் சிரிப்பு வரும். காசிம் அதை நினைத்துக்கொண்டார்.

கண்காட்சிக்கு ஆட்கள் வருவார்களா என்று அவருக்குச் சந்தேகம்தான். வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். மண்டிக்குத் தக்காளி இறக்கிவிட்டு வந்த விவசாயிகள் டிராக்டரை வெளியே நிறுத்திவிட்டு வந்தார்கள். இலவசமாக எதைக் காட்டினாலும் நம் ஜனம் பார்க்கும். ஆனால் காலி இடத்தில் உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். இண்டூரிலிருந்து வந்த பானுமதி என்று ஒரு பெண், அஸ்கரி பேகத்தின் கை நீட்டிய வெளிச்ச ரொட்டியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, எழவும் இல்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

இத்ரீஸின் கையைக் காசிம் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார். இத்ரீஸ் தர்மபுரியில் வண்டி சீட்டுக்கு கவர் தைக்கிறவன். எப்போதோ மிஷின் ஊசி இறங்கிய கட்டைவிரலில் நகம் கறுத்திருக்கும். யார் வந்து உட்கார்ந்தாலும் அந்தக் கை தண்ணீர் டம்ளரை எடுத்து அவர்கள் பக்கம் நகர்த்தியது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் நகர்த்தியது, வாட்ச்மேன் முனிராஜுக்கும் நகர்த்தியது. ‘ஊருக்கெல்லாம் உபசாரம்தான்’ என்று காசிம் பல்லைக் கடித்தார்.

அவருடைய சொந்தக் கைக்குத்தான் கேவலம் வந்து சேர்ந்தது. இரண்டாம் நாள் பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து விளையாடினார்கள்.

“ஏய், இந்த மோதிரக் கைய பாருடி. எத்தன வாட்டி கேட்டாலும் தர மாட்டேங்குது.”

“எவ்ளோ கொழுப்பு பாரேன். தட்டுக்குக் காவல் வேற போட்டிருக்குது!”

மண்டிக்கு வந்த வீரமணி என்ற விவசாயி தொடையைத் தட்டிச் சிரித்தார். “பாய், அப்படியே எங்க பெரியப்பன்தான் இந்தக் கை! பங்காளிங்க வூட்டுக்கு வந்தா தல நிமிராம திங்கும். யாரு கைங்க இது?”

மோதிர விரலைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, “யாரோ” என்றார் காசிம்.

அன்று மாலை அன்ஜுமை ஓரம் கட்டினார். “எனக்கு மட்டும் இன்னொரு டேக் எடும்மா.”

“எதுக்கு படே அப்பா? நல்லாத்தான இருக்குது.”

“இல்லைன்னா அந்த எடத்துல மேல இருந்து ஒரு பூ விட்டுக்கலாம். என்கிட்ட நல்ல ரோஜா இருக்குது.”

“இதுல பூவெல்லாம் கெடையாது படே அப்பா” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரார் வீட்டு முறைப்புக்கெல்லாம் பூ போட்டு மூடியவருக்கு, தன் கைக்குப் போட ஒரு இதழ் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் கூட்டமில்லை. அன்ஜும் சாப்பிடப் போயிருந்தாள். படம் கொஞ்சம் நழுவியிருப்பதுபோல் பட்டது. சரிபார்க்கலாம் என்று காசிம் காலி இடத்தில் போய் உட்கார்ந்தார். கேமரா கண்டுகொண்டு கைகள் பதில் சொல்ல ஆரம்பித்துவிடக்கூடாது என்று இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். யாரும் கேட்காதபோது அந்தக் கைகள் எப்படிச் சாப்பிடுகின்றன என்று அவர் அதுவரை பார்த்ததில்லை.

அவர் கையும் இத்ரீஸின் கையும் எதிரெதிராக இருந்தன. இத்ரீஸின் கை சோற்றைத் தொடவில்லை. முதலில் கறித்துண்டுகளைத் தேடியது. ஒவ்வொன்றாக எடுத்து, தட்டின் எதிர் விளிம்புக்கு, காசிமின் பக்கமாகத் தள்ளி வைத்தது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, வெறும் சோற்றைத் தன் பக்கத்திலிருந்து பிசைந்து சாப்பிட ஆரம்பித்தது.

அவர்கள் அப்பா உயிரோடு இருந்த நாளில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தட்டு. எதிரெதிராக உட்கார வேண்டும். அவரவர் பக்கத்தில்தான் கை போக வேண்டும், எதிர்ப் பக்கத்தைத் தொட்டால் புறங்கையில் ஒரு அடி விழும். ஆனால் தன் பக்கத்தில் இருப்பதை எதிராளிக்குத் தள்ளலாம், அதற்குத் தடையில்லை. இத்ரீஸ் தள்ளுவான். கேட்கவும் மாட்டான், சொல்லவும் மாட்டான், நல்ல கறியாகப் பார்த்து எதிர்ப் பக்கம் தள்ளிவிட்டு வெறும் சோற்றைத் தின்பான்.

படம் முடிந்து மறுபடி ஆரம்பித்தது. மறுபடி தள்ளினான். தன் வீட்டில், தன் தட்டில், எதிரே யாருமே இல்லாமல் தள்ளியிருக்கிறான். எதிரே காசிமின் மோதிரக் கை அதைக் கவனிக்காமல் தன் பாட்டுக்குத் தின்றுகொண்டே இருந்தது. “பாருடா, பாத்துத் தொலைடா” என்று காசிம் தன் கையைப் பார்த்தே திட்டினார். கண்ணில் நீர் முட்டியது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். முனிராஜ் எட்டிப் பார்த்து, “என்னாச்சு பாய்?” என்றார். “லென்ஸ்ல தூசி” என்றார் காசிம். லென்ஸில் தூசி விழுந்தால் கண் எப்படிச் சிவக்கும் என்று முனிராஜ் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காசிம் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

“தர்மபுரிக்குப் போறேன். ஜும்மா அங்கயே தொழுதுக்கறேன்.”

“ஏன், இங்க இருக்கற பள்ளிவாசலுக்கு என்னா ஆச்சு?” என்றார் அஸ்கரி பேகம்.

“ஒரு வயர் வாங்கணும்.”

“வாங்குங்க, வாங்குங்க. வயரு நல்லா நீளமாப் பாத்து வாங்குங்க” என்று அஸ்கரி பேகம் உள்ளே திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

தொழுகை முடிந்து இத்ரீஸின் கடைக்குப் போனபோது பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தார். தையல் மிஷினுக்குக் கீழே ரெக்சின் துண்டு ஒன்றை விரித்து, இத்ரீஸ் சாப்பாட்டுக் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் திடுக்கிட்டான். ஸலாம் சொன்னான்.

காசிமின் கால் வாசலில் நின்றது. சொல்லேண்டா, இப்பவாவது சொல்லேண்டா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்ரீஸ் கையில் கேரியர் மூடியோடு அப்படியே இருந்தான். அவனுக்கும் பயமாக இருந்திருக்கும். கூப்பிட்டு, இவர் முறைத்துக்கொண்டு திரும்பிவிட்டால் என்ன செய்வது? அண்ணன் ஒரு பயந்தாங்கொள்ளி, தம்பி ஒரு பயந்தாங்கொள்ளி. அழையாத வீட்டுக்குள் நுழையமாட்டேன் என்று அத்தனை வருடம் விறைத்துக்கொண்டு திரிந்த மனிதர் செருப்பைக் கழற்றினார். ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். தம்பிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“பசிக்குது” என்றார்.

இத்ரீஸ் அவரையே பார்த்தான். “கூப்புடாமயே வந்துட்ட?”

“வந்துட்டேன். இப்ப சோறு உண்டா இல்லையா?”

“தட்டு ஒண்ணுதான் இருக்குது பாய்ஜான்.”

“ஒண்ணு போதும்.”

இத்ரீஸ் குஸ்காவைக் கொட்டினான், அதன்மேல் தால்ச்சாவை ஊற்றினான். கொஞ்சம் ரெக்சினில் சிந்தியது. இருவரும் அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். ஷட்டருக்கு வெளியே பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நாலைந்து வாய் போன பிறகு காசிம் பேச்செடுத்தார்.

“அன்ஜும் படத்துல பாத்தேன்டா.”

“என்னத்த?”

“நீ கறிய எதிர்ப்பக்கமாத் தள்ளி வெக்கறத.” தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இத்தன வருசம் கழிச்சும்... நான்தான்டா கண்ணு தெரியாம இருந்துட்டேன்.”

இத்ரீஸ் மெல்லுவதை நிறுத்தினான். யோசித்தான். எதைச் சொல்கிறார் என்று அவனுக்குப் பிடிபட்டபோது முகம் ஒரு மாதிரி ஆனது.

“அதுவா பாய்ஜான்?” என்றான். “எனக்கு யூரிக் ஆசிட். கால் கட்டவெரலு வீங்கி நடக்கவே முடியாமப் போச்சு. கறி பக்கமே போவாதன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கேமரா ஓடுதே, வெறும் தட்டா இருந்தா நல்லாவா இருக்கும்னு இவ நாலு துண்டு போட்டுட்டா. அதான் ஓரமாத் தள்ளிட்டுச் சாப்ட்டேன்.”

காசிமின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அவருக்கு எப்போதும் முதலில் வருகிற கோபம்தான் இப்போதும் முதலில் வந்தது. ஆக, யாரும் யாருக்கும் எதையும் தள்ளவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஒரு டாக்டர் சீட்டை நம்பி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து, வெட்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. இதைவிட அற்பமான காரணத்துக்கெல்லாம் அவர் எழுந்து போயிருக்கிறார். திரும்பி வாசலைப் பார்த்தார். செருப்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

இத்ரீஸுக்கு அது தெரிந்தது. தட்டில் விரலால் துழாவினான். தால்ச்சாவில் கிடந்த இரண்டு எலும்புக் கறியைத் தன் பக்கத்து ஓரமாக ஒதுக்கினான். “இன்னிக்கும் மறந்து போட்டுத்தான் அனுப்பிருக்கா” என்றான், எதையாவது சொல்லவேண்டும் என்பதற்காக. “பக்கத்துக் கடை பாய்க்குக் குடுத்துருவேன்.”

காசிம் அந்த இரண்டு துண்டையும் பார்த்தார். தம்பியின் கறுத்த நகத்தைப் பார்த்தார். வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

“அவருக்கு எதுக்குடா?” என்றார். “இந்தப் பக்கம் தள்ளு.”

இத்ரீஸ் தள்ளினான்.